மாப்பிள்ளைக்கு இருபத்திரண்டு டிகிரி

நான் வேலை பார்த்த கம்பெனியின் சோதனைப் பிரிவுக்கு இப்போது தலைவராக இருப்பவர் ஒரு காலத்தில் எனக்கு ஜூனியர். போன மாதம் போன் செய்து, ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார். "உங்க காலத்துல டம்மியை எப்படிப் பராமரிச்சீங்கன்னு எழுதுங்க மேடம். இப்ப வர்றவங்க பாதி டெஸ்டைக் கம்ப்யூட்டர்லயே முடிச்சிடுறாங்க, டம்மியைத் தொட்டுக்கூடப் பாக்கிறதில்ல" என்றார். எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. அவர் எதிர்பார்த்த பராமரிப்புக் குறிப்பாகவும் இது அமையவில்லை. வேண்டாததை அவரே வெட்டிக்கொள்ளட்டும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கார் எதன் மீதாவது நேருக்கு நேர் மோதினால் ஓட்டுநருக்கு என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக அவர் இடத்தில் உட்கார வைக்கும் ஆளுயரப் பொம்மைதான் டம்மி. உள்ளே எஃகு எலும்பு, வெளியே ரப்பர் தோல். தலை, மார்பு, தொடை மூன்றிலும் அளவுக் கருவிகள். அவற்றின் ஒயர்கள் எல்லாம் ஒன்று சேர்ந்து முதுகுக்குக் கீழே வால் மாதிரி வெளியே வரும். அந்த வாலுக்குப் பொறுப்பு நான்.

எண்பதுகளின் நடுவில் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ முடித்து, வண்டலூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். கார்களுக்கு சீட் பெல்ட் செய்யும் கம்பெனி. வீடு கிழக்குத் தாம்பரம். முதல் பத்து வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெல்ட் நாடாவை மெஷினில் மாட்டி அறுகிற வரைக்கும் இழுப்போம். அறுந்ததும் எழுதி வைப்போம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் காரில் பெல்ட் போட்டவர்களை நான் பார்த்ததே இல்லை. கல்யாண வீடுகளில் யாராவது எங்கே வேலை என்று கேட்டால் பெல்ட் கம்பெனி என்பேன். "தோல் பெல்ட்டா, ரெக்சினா?" என்பார்கள்.

எங்கள் பிரிவின் தலைவர் வரதராஜன் சார். ஒல்லியான உயரமான மனிதர். சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் யாராவது 'சுமார்' என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டால் பேச்சை நிறுத்திக்கொண்டு சொன்னவர் முகத்தையே பார்த்தபடி நிற்பார். சொன்னவர் போய் அளந்து வந்து எண்ணைச் சொல்லும் வரை அந்தப் பார்வை நகராது. ஒருமுறை கேன்டீன் மாஸ்டர் சாம்பாருக்கு சுமார் அரை மணி ஆகும் என்று சொல்லிவிட்டு அப்படி மாட்டிக்கொண்டார்.

பெல்ட் எதற்கு என்பதை நான் சேர்ந்த வாரமே சார் விளக்கினார். தாம்பரம் சானடோரியம் நிறுத்தத்தில் பஸ் சடாரென்று பிரேக் போட்டால் பஸ் நின்றுவிடுகிறது, நின்றுகொண்டிருக்கும் ஆட்கள் நிற்பதில்லை. காரிலும் அதேதான். காரின் முன்பக்கம் நசுங்கி நசுங்கித் தன் வேகத்தைத் தொலைக்கிறது. அது தொலைக்கிற அதே நேரத்துக்குள் ஓட்டுநரும் தன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைக்க வேண்டும். பெல்ட் அதற்குத்தான். உடம்போடு ஒட்டியிருந்தால் முதல் நொடித்துளியிலேயே பிடித்துக்கொள்ளும். தளர்ந்திருந்தால், அந்த இடைவெளியில் ஆள் முழு வேகத்தோடு ஸ்டீயரிங்கை நோக்கிப் போய்க்கொண்டிருப்பார். இவ்வளவுதான் விஷயம். இந்த விஷயத்துக்காகத்தான் முப்பத்து மூன்று வருடம் சம்பளம் வாங்கினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் சென்னையைச் சுற்றி வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. அதில் ஒன்று தன்னுடைய நடுத்தர அளவுக் காருக்கு எங்களிடம் பெல்ட் கேட்டது. சோதனையையும் எங்களிடமே செய்து காட்டச் சொல்லி, மூன்று மாதத்துக்கு ஒரு டம்மியை இரவல் கொடுத்தது. கூடவே ஆனந்த் என்ற இளம் இன்ஜினியரையும் அனுப்பியது.

டம்மியோடு ஒரு தடித்த விதிப்புத்தகமும் வந்தது. அதன் மூன்றாம் பக்கத்திலேயே சிக்கல். டம்மி இருக்கும் அறை எப்போதும் இருபத்தொன்றுக்கும் இருபத்திரண்டு டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் விலா எலும்புகளில் ஒட்டியிருக்கும் ரப்பர் இளகி அளவு தப்பாகிவிடும். நாங்கள் அதைப் படித்தது மே மாதம். மொத்த ஃபேக்டரியிலும் ஒரே ஒரு ஏ.சி., அது எம்.டி. அறையில்.

வரதராஜன் சார் எம்.டி.யிடம் போய் அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து வைத்துவிட்டு நின்றார். மறுநாள் ஏ.சி. எங்கள் அறைக்கு வந்துவிட்டது. கூடவே எம்.டி.யும் வந்துவிட்டார். வெயில் ஏறினால் ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு டம்மியின் அறைக்கு வருவார். வெளியூரிலிருந்து வந்த ஒருவரை அங்கேயே வைத்துப் பேசியபோது, மூலையில் உட்கார்ந்திருந்த டம்மிக்கு முதுகு காட்டிக்கொண்டிருந்த அந்த மனிதர், காபி வந்ததும் குரலைத் தாழ்த்தி, அந்த சாருக்கு வேண்டாமா என்று கேட்டார். எம்.டி. திரும்பிப் பார்க்காமலே, அவர் சாப்பிட மாட்டார் என்று சொல்லிவிட்டு மேலே பேசினார்.

டம்மிக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவர் கன்னியப்பண்ணன். எங்கள் ஃபிட்டர். கம்பெனி கட்டியிருந்த நிலத்தில் ஒரு பகுதியில் அவர் குடும்பம் நெல் போட்டுக்கொண்டிருந்ததாம். அதனால் ஃபேக்டரிக்குள் அவர் நடப்பதே சொந்த வயல் வரப்பில் நடப்பது போல இருக்கும். "ஏ.சி. ரூம் குட்த்துகீறோம், புதுத் துணி எட்த்துகீறோம், நாலு பேரு தூக்கினு போறோம். மாப்ள இல்லாம பின்ன இன்னா?" என்றார். அதன் பிறகு ஆனந்த் ஒருவரைத் தவிர யாரும் டம்மி என்று சொன்னதில்லை.

புதுத்துணி எடுத்தது நான். ஒவ்வொரு சோதனைக்கும் உடம்பைப் பிடித்த பருத்தி பனியனும் முழங்காலுக்குக் கீழே வரும் கால்சட்டையும் போட வேண்டும் என்று விதி. மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போய் அளவுச் சீட்டை நீட்டினேன். கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். மார்பு, இடுப்பு, தொடை எல்லாம் மில்லிமீட்டரில் இருந்தன.

"வீட்டுக்காரருக்காம்மா?"

"இல்லண்ணா. ஆபீஸ்ல ஒருத்தருக்கு."

அவர் சீட்டை மறுபடி ஒருமுறை படித்தார். "தொடை அளவுகூடக் கரெக்டா போட்டிருக்கீங்க" என்றார்.

எனக்கு அப்போது முப்பது. கல்யாணம் ஆகவில்லை. சோதனையில் துணி கிழிந்துவிடும் என்பதால் அதே கடைக்கு அதே அளவில் ஒரே மாதத்தில் மூன்று தடவை போனேன். பதினோராம் நம்பர் ஷூ தாம்பரத்தில் கிடைக்காமல் நான்கு கடைகளில் சொல்லி வைத்திருந்தேன். விஷயம் எப்படியோ எங்கள் சர்ச்சுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டரின் மனைவி அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, பையன் நம்ம சபையா என்று விசாரித்திருக்கிறார். அடுத்த வாரம் அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு ஃபேக்டரிக்கே வந்துவிட்டார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், எதையும் நேரில் சரிபார்த்தால்தான் திருப்தி. அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். மாப்பிள்ளையை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்துவிட்டு, "வீண் பேச்சு பேசாத ஆளா இருக்காரு" என்று மட்டும் சொன்னார். பிறகு வரதராஜன் சாரோடு ஒரு மணி நேரம் வேகத்தையும் விசையையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

சோதனை இப்படி நடக்கும். தண்டவாளத்தில் ஓடும் ஒரு தள்ளுவண்டி. அதன் மேல் அந்தக் காரின் நடுப்பகுதி மட்டும், இருக்கை, ஸ்டீயரிங், பெல்ட்டோடு பொருத்தப்பட்டிருக்கும். தடித்த ரப்பர் கயிறுகளால் பின்னுக்கு இழுத்து ஒரு கொக்கியில் மாட்டுவோம். கொக்கியை விட்டால் மணிக்கு நாற்பத்தெட்டு கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து போய், எதிரில் பதித்த, கெட்டி ரப்பர் மாதிரியான பாலியூரித்தேன் குழாய்களுக்குள் குத்தி நிற்கும். நிஜக் காரின் முன்பக்கம் நசுங்கிக் கொடுக்கிற நேரத்தை இங்கே அந்தக் குழாய்கள் கொடுத்தன.

ஓடுவது கண்ணை மூடித் திறக்கிற நேரம். அதற்கு முந்தைய தயாரிப்பு ஒன்றரை நாள். மாப்பிள்ளையின் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு திருகு உண்டு. கையை நேராக நீட்டி வைத்தால் கீழே விழாமல் நிற்க வேண்டும், விரலால் லேசாகத் தட்டினால் இறங்க வேண்டும். அந்தப் பதம் வரும் வரை திருக வேண்டும். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று எல்லாவற்றுக்கும் இதே கதை. பிறகு சாயம். நெற்றிக்கு நீலம், மூக்குக்குச் சிவப்பு, முழங்கால்களுக்குத் துணியின் மேலேயே பச்சை. எது எங்கே இடித்தது என்பதை மோதலுக்குப் பிறகு அந்தந்த நிறம் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு படி முடிந்ததும் சார், "எழுதியாச்சா, ஹெலன்?" என்பார். எழுதின பிறகுதான் அடுத்தது.

முதல் சோதனைக்கு முன் சாயம் பூசிவிட்டு நான் திரும்புவதற்குள், கன்னியப்பண்ணன் மாப்பிள்ளையின் இடது கன்னத்தில் கறுப்பு மையால் பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டார். ஆனந்த் பதறிவிட்டார். புத்தகத்தில் இல்லாத நிறம், துடைக்க வேண்டும் என்றார். துடைத்தால் பக்கத்து நிறங்களும் கலைந்துவிடும், ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்த மாப்பிள்ளை சூடேறுவதற்குள் ஓட்டியாக வேண்டும். சார் கன்னத்தருகே போய் ஸ்கேலை வைத்தார். "இடது கன்னம். கறுப்பு. விட்டம் பதினெட்டு மில்லிமீட்டர். விதியில் இல்லாதது. எழுதியாச்சா?" என்றார். அன்றிலிருந்து பொட்டு எங்கள் நடைமுறையில் சேர்ந்துவிட்டது.

முதல் சோதனை நன்றாக முடிந்தது. இரண்டாவதும். நெற்றியின் நீலம் ஸ்டீயரிங் வளையத்தின் மேல் விளிம்பில் ஒத்தி எடுத்தது போல லேசாகப் பட்டிருந்தது, அவ்வளவுதான். தலைக்கு எவ்வளவு அடி என்பதற்கு ஒரு கணக்கு உண்டு, அது ஆயிரத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு தடவையும் வெகு கீழே நின்றது. மூன்றாவதும் அப்படியே வந்தால் வேலை முடிந்தது. ஆனந்த் ஊருக்கு டிக்கெட்டே எடுத்துவிட்டார்.

மூன்றாவது சோதனையில் தலையின் கணக்கு ஆயிரத்தைத் தாண்டிப் போனது. ஓடிப்போய்ப் பார்த்தோம். வளையத்தில் நீலம் இல்லை. ஸ்டீயரிங்கின் நடுவே, கெட்டியான பகுதியில், பளிச்சென்று கறுப்பு. பெல்ட் பிடிக்காத இடது தோள் முன்னால் சுழன்று வந்து, மாப்பிள்ளை இடது கன்னத்தால் ஸ்டீயரிங்கில் மோதியிருந்தார். பொட்டு இல்லாவிட்டால் கன்னம் பட்டது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. அதே பெல்ட், அதே இருக்கை, அதே வேகம். ஆனந்த் சொன்ன காரணம் என்னைக் குத்தியது. தலையின் ஒயரில் கோளாறு இருக்கும், இது கருவித் தவறு, இந்தச் சோதனையைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டு இன்னொன்று ஓட்டிவிடலாம் என்றார். ஒயர் என்றால் நான். அது மட்டுமில்லை, ஓட்டுவதற்கு முன் பெல்ட் உடம்போடு ஒட்டியிருக்கிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டவளும் நான்தான்.

சார் அதை அடித்துவிடச் சம்மதிக்கவில்லை. "ஒயர் தப்பு பண்ணலாம் ஆனந்த். அந்தக் கறுப்பு தப்பு பண்ணாது. கன்னம் இடிச்சிருக்கு. ஏன்னு தெரியாம எப்படி அழிக்கிறது?" என்றார்.

மூன்று நாள் தேடினோம். நான் ஒவ்வொரு ஒயராகக் கழற்றிச் சோதித்தேன். பெல்ட் சுற்றிக்கொள்ளும் உருளையைப் பிரித்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. அம்மா தட்டில் வைத்ததைச் சாப்பிடாமல் பிசைந்துகொண்டே இருந்தேன். புதிதாகக் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான். துணி காயப்போடும் நீல நிற கிளிப்பில் பாதி, தண்டவாளத்தின் நடுவே கிடந்தது. ஆனந்த் சிரித்தார். சார் அதை டேப் போட்டுக் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டச் சொன்னார். எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்தார். கன்னியப்பண்ணனை மட்டும் விசாரிக்க முடியவில்லை, அவர் மூன்று நாளாக லீவு.

நான்காம் நாள் காலையில் வந்தார். நேராக சாரின் மேஜைக்கு முன்னால் போய் நின்று, பாக்கெட்டிலிருந்து இன்னொரு நீல கிளிப்பை எடுத்து வைத்தார்.

"நான்தான் சார் போட்டேன். எங்க வூட்டுக் கொடியில இருந்து எட்த்தாந்தது" என்றார். "சீட்டு மாட்டும்போது நானே குந்திப் பாத்தேன் சார். பெல்ட்டு கயுத்த அறுக்குது. மாரைப் புடிச்சி அமுக்கிக்கினே கீது. எனக்கே அப்டின்னா, மாப்ள வாயத் தொறந்து சொல்லாது. பாவமா இருந்திச்சி. மேடம் கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போனதும், பெல்ட்ட ஒரு கை இஸ்த்து வுட்டு மேல கிளிப்பு மாட்டிட்டேன், திரும்ப உருளைக்குள்ள போவாம. தப்புதான் சார். வேலைய வுட்டு எட்த்தாலும் சரி, மேடம் மேல ஒண்ணும் இல்ல."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மூன்று நாள் அழாத குறையாக ஒயர்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஆனால் திட்டுவதற்கு வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும் போலவும் இருந்தது. ரப்பர் பொம்மைக்கு மூச்சு முட்டும் என்று கவலைப்பட்ட மனிதரை என்ன சொல்லித் திட்டுவது?

சார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கிளிப்பை எடுத்து ஸ்கேலின் மேல் வைத்து அளந்தார். கன்னியப்பண்ணனுக்கு நெற்றியில் வேர்த்துவிட்டது, அந்த அறையில் இருபத்திரண்டு டிகிரியில்.

"கழுத்துல எந்த இடம்?" என்றார் சார்.

அண்ணன் தொட்டுக் காட்டினார். சார் எழுந்து நேராகத் தள்ளுவண்டிக்குப் போய், ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டச் சொன்னார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் அரை மணி நேரம் இருந்தார். இறங்கியபோது அதே இடத்தில் அவர் கழுத்து சிவந்திருந்தது. ஸ்கேலால் அளந்து எழுதினேன்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அன்று முழுக்க ஃபேக்டரியில் கிடைத்தவர்களை எல்லாம் அந்த இருக்கையில் உட்கார வைத்தார். வாட்ச்மேன், டைப்பிஸ்ட், பாதிச் சமையலில் விட்டுவிட்டு வந்த கேன்டீன் மாஸ்டர், எம்.டி. யாரிடமும் காரணம் சொல்லவில்லை. நான் ஒளிந்திருந்து பார்த்துக் குறிப்பெடுத்தேன். பதினொரு பேரில் ஒன்பது பேர், பத்து நிமிடத்துக்குள், கையால் பெல்ட்டை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். எம்.டி. இரண்டாவது நிமிடத்திலேயே இழுத்தார். கடைசியாக ஆனந்தை உட்காரச் சொன்னார். அவர் இதெல்லாம் விதியில் இல்லை, சோதனைக்குச் சம்பந்தமில்லாதது என்று வாதாடிக்கொண்டே உட்கார்ந்தார். வாதாடிக்கொண்டிருக்கும்போதே அவர் கட்டைவிரல் பெல்ட்டுக்குள் போய் அதைக் கழுத்திலிருந்து விலக்கியது. அவரே அதைப் பார்த்துவிட்டார்.

"நாம கட்டி விடுற மாதிரி ஊர்ல யாரும் கட்டிக்கப் போறதில்ல" என்றார் சார். "கன்னியப்பன் கட்டின மாதிரிதான் கட்டுவாங்க. அப்படிக் கட்டினா என்ன ஆகும்னு நமக்கு இப்ப தெரியும். தெரியாத மாதிரி எழுத முடியாது."

விதிப்படி பெல்ட் கட்டி ஒரு சோதனை, தெரிந்தே கிளிப் போட்டு ஒரு சோதனை, இரண்டையும் ஓட்டினோம். கிளிப்பை மாட்டும் பொறுப்பை சார் கன்னியப்பண்ணனுக்கே கொடுத்தார். கிளிப் இல்லாததில் நீலம், கிளிப் போட்டதில் அதே இடத்தில் கறுப்பு. இரண்டு அறிக்கையும் ஒரே உறையில் கார் கம்பெனிக்குப் போயின. எடுத்துக்கொண்டு போனவர் ஆனந்த். தன் மேலதிகாரிகளிடம் அவர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எட்டு வாரம் கழித்து புது வரைபடம் வந்தது. பெல்ட்டைப் பின்னுக்கு இழுக்கும் சுருள்வில்லை மென்மையாக்கியிருந்தார்கள். கதவை ஒட்டிய தூணில் பெல்ட் மாட்டும் இடத்தை அறுபது மில்லிமீட்டர் கீழே இறக்கியிருந்தார்கள். கார் அந்த பெல்ட்டோடுதான் வெளியே வந்தது. கன்னியப்பண்ணனுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் ஒரு பாராட்டுக் கடிதமும் ஒரே நாளில் வந்தன. இரண்டையும் சார்தான் எழுதியிருந்தார்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, ஒரு திங்கட்கிழமை. கன்னியப்பண்ணன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவருடைய சகலை, பெயர் ஏகாம்பரம், டிராவல்ஸில் டிரைவர். அவர் ஓட்டியது எங்கள் பெல்ட்டோடு வந்த அதே கார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோவளத்தில் சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, திடீரென்று நின்ற மணல் லாரியின் பின்னால் நேராக மோதிவிட்டார். காரின் முன்பக்கம் மொத்தமாக நசுங்கிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஆள் கோபமாக இருந்தார். பெல்ட் செய்கிறவர்களை நேரில் பார்த்துக் கேட்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால்தான் அண்ணன் கூட்டி வந்திருந்தார்.

"பாருங்க சார்" என்று சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். வலது தோளிலிருந்து இடது இடுப்பு வரைக்கும் கத்தரிப்பூ நிறத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல, ஒரே அகலத்தில் கன்றிப் போயிருந்தது. "திரும்பிப் படுக்க முடியல. இரும்ப முடியல. அம்மாம் பெரிய லாரி, அதால ஒரு கீறல் இல்ல சார். உங்க பெல்ட்டாலதான் அடியே. வேற எங்கயும் ஒண்ணுமே இல்ல."

வரதராஜன் சார் அந்தக் கன்றலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். முகம் எதிலாவது பட்டதா என்று கேட்டார். இல்லை. முழங்கால்? இல்லை. மூச்சு விடும்போது எந்தப் பக்கம் வலிக்கிறது, எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை என்று கேட்டார். ஏகாம்பரம் எல்லாவற்றுக்கும் விவரமாகப் பதில் சொன்னார். அவ்வளவு மரியாதையாக அவரிடம் அதுவரை யாரும் வலியைப் பற்றிக் கேட்டதில்லை போலிருந்தது, சொல்லச் சொல்ல கோபம் கொஞ்சம் இறங்கியது. கடைசியில், "எழுதி மேல அனுப்புவீங்களா சார்?" என்றார்.

கட்டாயம் அனுப்புவோம் என்று சொன்ன சார், வாடிக்கையாளர் புகார்ப் பதிவேட்டை எடுத்து என்னிடம் தந்தார். சார் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெல்ட் பட்ட இடத்தில் கடும் வலி. வேறு எங்கும் காயம் இல்லை. ஏகாம்பரம் அதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்று அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சட்டைப் பொத்தான்களை மெதுவாகப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.